கடைசி வரிசைக்கு நாள் சொல்பவர்

எங்கள் பீர் ஆலையின் வாசலில் நின்று அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், காவலாளி உதட்டைப் பிதுக்குவார். மூக்கண்ணன் என்று கேளுங்கள், கையோடு கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார். மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. சாதாரணமான, கொஞ்சம் சப்பை மூக்குதான். ஆனால் இருபத்தாறு வருடமாக எந்த ஹாப்ஸை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று எங்கள் ஆலையில் முடிவு செய்தது அந்தச் சப்பை மூக்குதான். பீர் காய்ச்சுகிறவர் ஆயிற்றே, நன்றாகக் குடிப்பாரோ என்று நினைத்துவிடாதீர்கள். அரை டம்ளருக்கு மேல் இறங்காது. "போதும்மா, தலையைச் சுத்துது" என்பார். இதை வெளியில் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

நான் அங்கே சோதனை அறையில் வேலை பார்க்கிறவள். பதினெட்டு வருடம் ஆகிறது. எனக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். "அவர் மூக்கால பிழைக்கிறார், நீ வாயால கெடுற" என்று முதலாளியம்மாவே ஒரு முறை சொல்லியிருக்கிறார். சரி, கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும். ஆனால் மூக்கண்ணனைப் பற்றிய ஒரு விஷயத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்கு முன் ஹாப்ஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு கொடியில் பூக்கிற பச்சைப் பூ. கட்டைவிரல் நீளம் இருக்கும். இதழ் இதழாகப் பிரித்தால் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். பீரின் கசப்பு, வாசனை எல்லாம் அந்தப் பொடியில்தான் இருக்கிறது. கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸை ஆரம்பத்திலேயே கொட்டிக் கொதிக்க விடலாம், அதற்கு மூக்கு தேவையில்லை. வாசனைக்குப் போடுவது வேறு சங்கதி. கொதி அடங்குகிற நேரத்தில் கொஞ்சம் போடவேண்டும். பீர் நுரைத்து முடிந்து தொட்டியில் குளிர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம். அதுவும் மூன்றே நாள். நான்காவது நாள் கிடந்தால் புல்லை அரைத்துக் குடித்த மாதிரி ஆகிவிடும். அந்த மூன்று நாளும் மூக்கண்ணன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார், பிரசவ அறை வாசலில் நிற்கிற புருஷன் கெட்டான் போங்கள்.

ஹாப்ஸைத் தேர்ந்தெடுக்கிற வாரம் வந்துவிட்டால் அவர் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. அடுப்படியில் வெங்காயம் உரிக்கக் கூடாது. வாசனை சோப்பு கூடாது. பவுடர் கூடாது. ஒரு தடவை அவர் மனைவி என்னிடம் வந்து மூக்கால் அழுதார்.

"உங்க அண்ணனை அந்த மூக்கைக் கழட்டி ஆலையிலேயே வச்சுட்டு வரச் சொல்லும்மா. ஒரு வாரமா சப்புனு சமைச்சுச் சமைச்சு எனக்கு நாக்கே செத்துப் போச்சு."

"கழட்டி வச்சா நாங்க பத்திரமாப் பாத்துக்கணுமேக்கா. அது எங்களால ஆகாது" என்றேன்.

தேர்வுக்கு ஒரு முறை உண்டு. விவசாயிகள் அனுப்பும் மாதிரிப் பொட்டலங்களை நான் வாங்கிக்கொள்வேன். யாருடையது என்று எழுதிய சீட்டைப் பிரித்தெடுத்து உறையில் போட்டு ஒட்டிவிட்டு, பூவை வெள்ளைத் தட்டுகளில் கொட்டி எண் போட்டு வைப்பேன். மூன்று பேர் மேசையில் உட்காருவார்கள்: முதலாளியம்மா, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொட்டிக்காரர், மூக்கண்ணன். ஒரு பிடி பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்து, சூடு ஏறும் வரை தேய்த்து முகர்ந்து பார்த்து, ஆளுக்கொரு தாளில் எழுதவேண்டும். பேசக் கூடாது. முகத்தைச் சுளிக்கவும் கூடாது. இன்னொரு விதி: இது இன்னாருடையது என்று யாருக்காவது தெரிந்துவிட்டால், அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியும். நானோ வாயைத் திறக்கக் கூடாது.

இந்த விதிகளையெல்லாம் போட்டது மூக்கண்ணன்தான். ஏனென்றால் அவருடைய கூடப்பிறந்த தம்பி ஹாப்ஸ் பயிரிடுகிறவர். நாளைக்கு ஒருத்தன் "தம்பி சரக்குன்னு வாங்கிட்டான்" என்று பேசிவிடக் கூடாது பாருங்கள்.

தம்பியின் தோட்டம் பஸ்ஸில் நான்கு மணி நேரம். நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். வீட்டு உயரத்துக்கு மேல் கம்பங்கள் நட்டு, கம்பி இழுத்து, அதில் கொடியை ஏற்றிவிட்டிருப்பார். நடுவில் நடந்தால் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். அங்கே அண்ணன் தம்பிக்குள் ஒரு வழக்கம். பூ முற்றுகிற சமயத்தில் அண்ணன் பஸ் ஏறிப் போவார். வேலியோரம் இருக்கும் கடைசி வரிசைதான் எல்லாவற்றுக்கும் பிந்தி முற்றும். அந்த வரிசையில் நின்று பூவைப் பிய்த்துத் தேய்த்து முகர்ந்துவிட்டு, "நாளைக்கு அறு" என்றோ "மூணு நாள் பொறு" என்றோ சொல்வார். அவர் சொல்லாமல் தம்பி கத்தியைத் தொடமாட்டார். தம்பிக்கு நாள் பார்க்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகத் தெரியும். ஆனாலும் அண்ணன் வந்து சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். அவர்களுக்குள் அப்படி.

ஒவ்வொரு வருடமும் மேசையில் தம்பியின் தட்டு வரும். மூக்கண்ணன் ஒரு தடவை முகர்ந்ததுமே பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "ஆரஞ்சுத் தோலை உரிக்கிற வாசனை, அதுக்கு அடியில மழை விழுந்த மண்ணு. அவன் தோட்டத்தைத் தவிர வேற எங்கயும் வராது" என்பார். மற்ற இரண்டு பேரும் எழுதுவார்கள். பெரும்பாலும் அந்தத் தட்டுதான் ஜெயிக்கும். வெளியே நின்றுகொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி மோட்டுவளையைப் பார்ப்பார். உள்ளுக்குள் குளிர்ந்துபோய் இருப்பார் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஆலைக்குப் புதுத் தொட்டி வந்தது. குழாய் சேரவில்லை, மூடி சேரவில்லை, ஒரே ரகளை. மூக்கண்ணன் "நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்" என்று ஒன்பது நாளைத் தள்ளிவிட்டார். பத்தாவது நாள் போய்ச் சேர்ந்தபோது தம்பி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். ஒரு கொடியைக்கூட அறுக்கவில்லை. இவர் அவசர அவசரமாக "அறு, அறு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

நாள் கடந்து அறுத்த ஹாப்ஸில் வெங்காய வாடை ஏறிவிடும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேர்வு அன்று மூன்றாம் எண் தட்டைத் தேய்த்தார் மூக்கண்ணன். வெங்காயம் குப்பென்று அடித்தது. அந்த வாடைக்கு அடியில் ஆரஞ்சுத் தோல் இருக்கிறதா என்று அவர் தேடவே இல்லை. தாளை எடுத்து எழுதினார்: "வெங்காயம். அறுக்கத் தெரியாதவன் அறுத்தது. வேண்டாம்."

உறையைப் பிரித்து நான் வாசித்தேன். மூன்றாம் எண் தம்பியுடையது. மூக்கண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

திருப்பி அனுப்பும் சரக்கோடு அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புவது ஆலை வழக்கம். நான்தான் அனுப்பினேன். அந்தத் தாளை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். எனக்கு அன்றைக்கு அந்தப் புத்தி வரவில்லை. நாலு நாள் கழித்து மூக்கண்ணனுக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"நீ வந்து சொல்ற வரைக்கும் நான் அறுக்கல. அறுக்கத் தெரியாதவன்னு உன் கையாலயே எழுதி அனுப்பிட்ட. நல்லா இரு அண்ணே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் ஆலைக்குத் தம்பியின் சரக்கு வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையும் இல்லை. இவர் இரண்டு தடவை போன் செய்தார். தம்பி மனைவி எடுத்து, "அவர் தோட்டத்துல இருக்கார் மாமா" என்று வைத்துவிட்டார். மறு வருடம் முற்றுகிற சமயத்தில் பஸ் ஏறிப் போனவர், தோட்டத்துக்கு எதிரே இறங்கி, கம்பங்களைப் பார்த்தபடி நின்றுவிட்டு, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அவ்வளவு தூரம் போயிட்டு உள்ள போகாம வந்தீங்களா? தப்பு உங்க மேலதானே? போய் நாலு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

"குறையுறதுக்கு என்னம்மா இருக்கு? அவன் முகத்தை எப்படிப் பாக்குறதுன்னுதான்" என்றார்.

அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். குளிர் அறையின் கடைசி அலமாரியில் ஒரு சின்ன வெள்ளிப் பை இருந்தது. தம்பியின் சரக்கு கடைசியாக ஜெயித்த வருடத்தில் எடுத்து வைத்த ஒரு பிடிப் பூ. பழைய சரக்கைக் கழிப்பது என் வேலை. நான் அதை எடுத்துக்கொண்டு வந்தபோது, "அது இருக்கட்டும்" என்றார். போன வருடம் அவரே ஒரு நாள் அதைப் பிரித்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். துவைக்காத காலுறை நாற்றம் அடித்தது. பழைய ஹாப்ஸ் அப்படித்தான் ஆகும், எத்தனை குளிரில் வைத்தாலும். அவர் மறுபடி முகர்ந்தார். மறுபடியும். பிறகு பையை ஒழுங்காக மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற சாக்கில் துடைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு தேர்விலும் அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். தட்டு தட்டாகத் தேய்ப்பார், முகர்வார், முழங்கையின் உள்மடிப்பில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுப்பார். அவருடைய சொந்தத் தோல் வாசனையில் மூக்கு ஓய்வெடுக்குமாம். பிறகு அடுத்த தட்டு. கடைசித் தட்டு முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவார். ஆறு வருடம் இதே கதைதான்.

இந்த வருடம் முதலாளியம்மாவுக்குப் புது யோசனை வந்தது. ரசாயன உரம், பூச்சிமருந்து எதுவும் படாத இயற்கை ஹாப்ஸில் ஒரு பீர் போடவேண்டும் என்றார். மூக்கண்ணன் உற்சாகமாகிவிட்டார். அவர் அப்படி நிமிர்ந்து பேசி நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

"இயற்கைன்னா பூ கொஞ்சம் சிறுசா இருக்கும்மா. காத்துல அடிபட்டு ஓரம் பழுப்பாக்கூட இருக்கும். அதைப் பாத்து பயந்துடக் கூடாது. பூவைப் பிளந்து நடுவுல கரி படிஞ்ச மாதிரி இருந்தா மட்டும் விடாதீங்க, அது பேன் பூச்சி பிடிச்சது. சீட்டுல இயற்கைன்னு முத்திரை இருந்தா மட்டும் போதாது. வாசனை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். மூக்கைத்தான் நம்பணும்."

"யாரு மூக்கை?" என்றேன்.

"வேற யாரு மூக்கு இருக்கு இங்க?" என்று சிரித்தார்.

ஐந்து பொட்டலங்கள் வந்தன. சோதனை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நான்காவது சீட்டைப் பார்த்ததும், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். தம்பியின் தோட்டம். நான்கு வருடமாக மருந்தே அடிக்காமல் பயிரிடுகிறாராம், முத்திரை இருந்தது. கீழே அவர் கையெழுத்தில்: "கடைசி வரிசை மட்டும். இரண்டு மூட்டை." அறுத்த தேதியைப் பார்த்தேன். மற்ற நாலு பேரும் அறுத்து முடித்து எத்தனையோ நாள் கழித்து அறுத்திருக்கிறார். பூவைக் கையில் எடுத்தேன். என் மூக்குக்கே தெரிந்தது, வெங்காயம்.

இரண்டு மூட்டையை வைத்துக்கொண்டு எங்கள் சின்னத் தொட்டிக்குக்கூடக் காணாது. அது தம்பிக்குத் தெரியும். வெங்காயம் அடித்தால் திருப்பி அனுப்புவோம் என்பதும் தெரியும். பிறகு ஏன் அனுப்பினார்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடிப்போய் மூக்கண்ணனிடம் சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது. சொன்னால் விதி போயிற்று. சொல்லாவிட்டால், இந்த மனிதர் மறுபடியும் அதே மாதிரி ஏதாவது எழுதித் தொலைத்தால்? சீட்டை உறையில் போட்டு ஒட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன்.

காலை ஒன்பதரை மணி. ஜன்னல் வெளிச்சம் மேசை மேல் விழுந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டேன். முதல் தட்டுக்கு மூக்கண்ணன் தலையை ஆட்டினார். இரண்டாவது, எலுமிச்சையும் ஏதோ பூவும் கலந்து சுத்தமாக இருந்தது. மூன்றாவது வெறும் வைக்கோல். நான்காவது தட்டில் முதலாளியம்மா கையை வைத்தார், முகத்தைச் சுளிக்கக் கூடாது என்பதை மறந்து சுளித்தார். தொட்டிக்காரர் ஒரே சொல் எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்தார்.

மூக்கண்ணன் தேய்த்தார். முகர்ந்தார். புருவம் நெரிந்தது. பேனாவை எடுத்தார். எழுதாதீங்க அண்ணே, எழுதாதீங்க என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். பேனா தாளில் பட்டது. "வெ" என்று எழுதினார். அப்படியே நிறுத்தினார். பேனாவை வைத்துவிட்டு முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தார். மறுபடி உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்தார், மெதுவாக, தோல் சூடேறும் வரைக்கும். மூக்கைக் கைக்குள் புதைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது.

"நாலு யாரோடதுன்னு எனக்குத் தெரியும். நான் எழுந்துக்கிறேன்" என்றார்.

"வெங்காயம் அடிக்குதே, அதுல போய் என்ன தெரிஞ்சுது?" என்றார் முதலாளியம்மா.

"அடியில இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். கையைக் கழுவவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து மூடியபடி போனார்.

மற்ற இருவரும் எழுதி முடித்தார்கள். இரண்டாம் எண்ணை எடுத்துக்கொள்வதென்று முடிவானது. நான்காம் எண் வேண்டாம். உறையைப் பிரித்து வாசித்தேன். தொட்டிக்காரர் "அடப்பாவமே" என்றார்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் சோதனை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை மூட்டை?" என்று கேட்டார்.

"ரெண்டே ரெண்டு. கடைசி வரிசை மட்டும்னு எழுதியிருக்கார்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "மத்த வரிசையெல்லாம் நேரத்துக்கு அறுத்திருப்பான்மா. வேற எங்கயோ நல்லபடியா வித்திருப்பான். இதை மட்டும் விட்டு வச்சிருக்கான். இது விக்கிறதுக்கு அனுப்பினது இல்ல."

"பின்ன?"

"எனக்கு அனுப்பினது."

"அப்ப இங்க என்ன நிக்கிறீங்க? போனைப் போடுங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை, அதட்டினேன். அவர் பூவின் பிசின் ஒட்டிய கையைக் காட்டினார். கழுவச் சொன்னால் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கழுவினால் வாசனை போய்விடுமாம். வேறு வழியில்லாமல் நானே அறைத் தொலைபேசியில் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டேன். அதனால்தான் நான் கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது தம்பியேதான்.

"யாரு?"

இவர் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தோளில் ஒரு இடி இடித்தேன்.

"நான்தான்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு நாய் குரைப்பது கேட்டது.

"மாதிரி வந்துதா?" என்றார் தம்பி.

"வந்துது. வேண்டாம்னுட்டாங்க."

"நீ என்ன எழுதின?"

"நான் எழுதல. எழுந்து வந்துட்டேன்." மூக்கண்ணன் போன் பக்கம் குனிந்தார். "ஏன்டா இவ்வளவு லேட்டா அறுத்த?"

"நாள் சொல்ற ஆளு வரலையே. ஏழு வருஷமா அந்த வரிசையை அப்படித்தான் விட்டு வைக்கிறேன். வெங்காயம் ஏறிக் கெட்டுப் போனப்புறம்தான் அறுக்கிறேன்."

மூக்கண்ணன் மூடிய கைகளை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் போட்டே அழுதார். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டிடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அழுகை அடங்கும் வரை தம்பி போனை வைக்கவில்லை.

"அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடறேன்டா" என்றார் கடைசியில்.

"அடுத்த வருஷம் என்ன அடுத்த வருஷம்? வேலியோரம் இன்னும் நாலு கொடி அறுக்காம நிக்குது."

"இந்நேரம் காஞ்சு சருகாயிருக்குமேடா!"

"காஞ்சுதான் போச்சு. அதுக்கென்ன? நீ வந்து சொல்லு, அறுக்கிறேன்."

மூக்கண்ணன் நின்ற வாக்கிலேயே கிளம்பினார். மேலங்கியைக் கழற்றவில்லை, சாப்பாட்டுப் பையை எடுக்கவில்லை. முதலாளியம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் கேட்டதற்கு, "எதையாவது சொல்லு, உனக்கு வாய்க்கா பஞ்சம்" என்றார். "கையையாவது கழுவிட்டுப் போங்க அண்ணே, பஸ்ல எல்லாரும் எழுந்து ஓடப் போறாங்க" என்று பின்னாலேயே கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல், மூடிய கையை மூக்கருகே வைத்தபடியே வாசலைத் தாண்டிப் போனார்.